பெயர் போட்டு எழுதியவர்

செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்படும் ஒரு மனு, கொடுத்தவர் பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் பயணம் செய்துகொண்டே இருக்கிறது. பதிவாகி எண் விழுகிறது. பிரிவு எழுத்தரிடம் போகிறது. அங்கிருந்து கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கடைசியில் வி.ஏ.ஓ. ‘தக்க மேல்நடவடிக்கைக்காக’ என்ற ஒற்றை வரியின் கீழே மனுவின் நகல் முழுசாக இணைக்கப்பட்டிருக்கும். பெயர், கதவு எண், கைபேசி எண் எல்லாம் அதில் உண்டு. மனுவில் சொன்னபடி ஏரிப் புறம்போக்கை வளைத்தவருக்கும் அந்தக் கிராம அலுவலகத்துக்கும் இடையே ஒரு டீக்கடைதான் தூரம் என்றால், அன்று சாயங்காலமே மனுதாரருக்கு ஃபோன் வரும்: “என்னா, கலெக்டருக்கு எழுதினியாமே?”

அரசுத் துறைக்கு வரும் தபாலைப் பாதுகாப்பது என்றால் பொதுவாக நினைவுக்கு வருவது எழுதியவரைப் பாதுகாப்பது அல்ல. துறையைப் பாதுகாப்பதுதான் நினைவுக்கு வரும். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் மால்வேர் புகுந்திருந்ததை இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலைகளை இயக்கும் வலையமைப்பு தனியாக இருந்ததால் ஆபத்து இல்லை என்றது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1984 முதல் அணுமின் நிலையம் இயங்குகிறது. அப்படிப்பட்ட கடற்கரையில் எந்த மின்னஞ்சலையும் சலித்துப் பார்க்காமல் உள்ளே விடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சலிப்பது துறைக்காக. எழுதியவருக்காக என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

மொட்டைக் கடிதத்துக்கு மதிப்பில்லை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999இல் போட்ட சுற்றறிக்கையே, பெயரில்லாத, பொய்ப் பெயர் போட்ட புகார்களின் மேல் நடவடிக்கை வேண்டாம் என்றது. காரணமும் சரிதான். பதவி உயர்வு வரும் நேரம் பார்த்து ஒரு மொட்டைக் கடிதம் போட்டு நேர்மையான அதிகாரியை முடக்குவது இங்கே பழைய வித்தை. ஆகவே பெயர் போடு, முகவரி போடு, கையெழுத்துப் போடு என்கிறது அரசு. அப்படிச் சொன்ன நொடியிலேயே ஒரு கடனையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. பெயரைக் கேட்டு வாங்கியது அரசு. அந்தப் பெயரைக் காப்பதும் அதன் பொறுப்பு. ‘மனு கொடுத்தால் தெரியத்தானே செய்யும்’ என்று பிறகு சொல்வது, கடன் வாங்கியவன் கை விரிப்பதற்குச் சமம்.

இந்தக் கடன் எவ்வளவு கனமானது என்பதை இந்தியா சத்யேந்திர துபே விஷயத்தில் பார்த்தது. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி அந்தப் பொறியாளர் 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு அமைச்சகத்துக்கும் நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்றே வழக்கு முடிந்தது. கடிதம் கசிந்ததற்கும் கொலைக்கும் தொடர்பு நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் கொலையே நடக்காமல் அவர் நூறு வயது வாழ்ந்திருந்தாலும், கெஞ்சிக் கேட்டவரின் பெயரைச் சுற்றுக்கு விட்டது தவறுதான். அந்தத் தவறைப் பின்னால் வந்த மரணத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பதில்லை.

அதன் பிறகு 2004இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. புகாரை ஒட்டிய உறையில் வைத்து, அது பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்று மேலே குறிப்பிட்டு, ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். பெயர் உள்ளே இருந்தால் போதும். உறையின் மேல் வேண்டாம். பெயரை ஆணையம் மறைத்து வைக்கும். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: அந்தப் புகாருக்கு ஒப்புகை அனுப்புவதில்லை. சாதாரண மனுவுக்கு ஒப்புகைச் சீட்டுதான் ஏழையின் ஆயுதம்; ‘மனுவே வரவில்லை’ என்ற பதிலை அது தடுக்கும். ஆனால் ஆபத்தான புகாருக்கு அதே சீட்டு காட்டிக்கொடுக்கும். தபால்காரர் தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு அரசு முத்திரை போட்ட உறையை நீட்டினால், அடுத்த வீட்டுக்காரர் கேட்காமலா இருப்பார்?

அந்தத் தீர்மானம் மத்திய அரசு ஊழியர்களையும் அதன் நிறுவனங்களையும் பற்றிய புகார்களுக்கு மட்டும்தான். கல்பாக்கம் அணுமின் நிலைய ஒப்பந்தத்தில் ஊழல் என்று எழுதுகிறவருக்கு ஒட்டிய உறையின் காப்பு உண்டு. பாலாற்று மணலைப் பற்றிச் செங்கல்பட்டு ஆட்சியருக்கு எழுதுகிறவருக்கு அந்த உறை கிடையாது. மாநில அரசு ஊழியர்களைப் பற்றிப் புகார் தருவோரையும் சேர்த்துக் காக்கும் சட்டம் 2014இல் நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே கிடக்கிறது. இது வெறும் சோம்பலா என்பது சந்தேகத்துக்குரியது.

இந்த மாவட்டத்தில் நிலத்தைப் பற்றிப் பெயர் போட்டு எழுதுவது லேசான காரியம் அல்ல. இங்கே ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கையின் விளைவாகத்தான் 1892இல் தலித் மக்களுக்கான பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. நூறு ஆண்டு கழித்து, 1994இல், மாமல்லபுரம் பக்கத்துக் காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் மணல் கடத்தலைப் பற்றிப் போலீசில் புகார் கொடுத்த முறப்பநாடு வி.ஏ.ஓ. 2023 ஏப்ரலில் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு ஊழியருக்கே இந்தக் கதி என்றால் குப்பத்து மீனவர் என்ன நினைப்பார்?

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன்னைச் சாட்டியவர் யார் என்று தெரிய உரிமை இல்லையா? தண்டனை என்று வரும்போது உண்டு; சாட்சி சொல்பவரைக் குறுக்கு விசாரணை செய்யாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது. ஆனால் ஏரி ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, சர்வே எண்ணும் அளவுச் சங்கிலியும் போதும். சொன்னவர் யார் என்பது அந்தக் கட்டத்தில் எதற்கும் உதவாது. மிரட்டுவதற்கு மட்டும் உதவும். 2005 தகவல் உரிமைச் சட்டமே, எதையும் கேட்டு வாங்கலாம் என்று திறந்துவிட்ட அந்தச் சட்டமே, சட்ட அமலாக்கத்துக்காக நம்பிக்கையில் தகவல் தந்தவரின் அடையாளத்தை மறுக்கலாம் என்கிறது.

மின்னஞ்சல் வந்த பிறகு காரியம் சுலபமாகியிருக்க வேண்டும். பெயரைத் தனியே பிரித்து வைத்து, எண்ணை மட்டும் கீழே அனுப்புவது கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. நடப்பதோ வேறு. பிரிட்டிஷ் காலத்தில் டாட்டன்ஹாம் பெயரில் வந்த அலுவலக முறையில் ஒரு காகிதம் யார் கையில் எந்தத் தேதியில் இருந்தது என்று பதிவேட்டில் தெரியும். நாலு பேருக்கும், மாற்றலாகிப் போன ஐந்தாமவருக்கும் ஒரே பாஸ்வேர்டு தெரிந்த அஞ்சல் பெட்டியில் யார் திறந்தார்கள், யார் ஃபோனில் படம் பிடித்தார்கள் என்று கேட்க வழியில்லை. ஃபார்வர்டு பொத்தான் பெயரைக் கழிப்பதும் இல்லை.

மின்னஞ்சலைச் சலிக்கும் கருவியிலும் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. ஜெராக்ஸ் கடைக் கணினியிலிருந்து, கடைக்காரர் முகவரியில், ஸ்கேன் செய்த இணைப்போடு வரும் மனுவைத்தான் அது முதலில் சந்தேகப்படும். வழக்கறிஞர் வைத்திருப்பவரின் மனு தடையில்லாமல் போய்விடும். நிறுத்துவது தவறில்லை; நிறுத்தியதை யாரும் பார்க்காமல், அனுப்பியவருக்கும் சொல்லாமல் முப்பது நாளில் தானாக அழிய விடுவது தவறு.

எல்லாம் செய்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே ஒரு சின்னக் குப்பம். கடலோர ஒழுங்குமுறைக் கோட்டைத் தாண்டி ஒரு ரிசார்ட் சுவர் எழுப்புகிறது; வலை உலர்த்தும் இடம் போகிறது. அந்தச் சுவரை ஒட்டி இருப்பது மூன்றே வீடு. அந்த மூன்றில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர். பெயரைக் கழித்தாலும் மனுவே அவரைச் சொல்லிவிடும். அப்போது அலுவலகம் செய்யக்கூடியது இரண்டு உண்டு. ஒன்று, கீழே அனுப்பும் முன் அவரையே கேட்பது. வேண்டாம் என்று அவர் பின்வாங்கினால் அதைக் கோழைத்தனம் என்று எழுதிக் கோப்பை மூடக் கூடாது. மற்றது, அந்த ஒரு சுவரை மட்டும் அளக்க ஆள் அனுப்பாமல் கோவளத்திலிருந்து வரிசையாக எல்லா ரிசார்ட்டுகளின் எல்லையையும் அளப்பது. அதற்கு ஆள் வேண்டும், மாதங்கள் ஆகும், ‘ஒரு மனுவுக்காகவா இத்தனை?’ என்று தாசில்தார் முணுமுணுப்பார். அளக்க வேண்டியவைதான் அவை அனைத்தும். மனு வராமலே அளந்திருக்க வேண்டியவை.