இலைக்குக் குறுக்கே ஒரு கை

ஒரே வருஷத்தில் வீட்டுக்குள் மூன்று செடிகளைக் கொன்றேன். மூன்றையும் தண்ணீர் ஊற்றித்தான்.

வாங்கியதே நாசாவை நம்பி. வீட்டுச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற அதன் 1989 ஆய்வு, காற்றுப் புகாத பெட்டிகளுக்குள் நடந்தது; ஜன்னல் உள்ள வீட்டில் நாலு தொட்டி பெரிதாக ஒன்றும் சாதிக்காது என்று பிறகுதான் படித்தேன். அதற்குள் பாசம் வந்துவிட்டது. காலையில் காப்பிக்கு முன் ஒரு செம்பு, ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு செம்பு. இலை துவண்டால் இன்னொன்று.

மூன்றாவது செடியைப் பிடுங்கியபோது வேர் பழுப்பேறி, தொட்டால் தோல் கழன்று, சாக்கடை வாடை அடித்தது. வேரும் மூச்சுவிடும். மண் துகள்களுக்கு நடுவே உள்ள காற்றைத் தண்ணீர் துரத்திவிட்டால் வேர் அழுகும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது. ஆக, சேற்றில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். வறண்டாலும் துவளும், மூழ்கினாலும் துவளும். நான் இரண்டுக்கும் செம்பைத்தான் தூக்கினேன்.

மிஞ்சியது ஒரு ஸ்நேக் பிளான்ட். ஊரிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்ததும், "இது நம்ம வேலியோர மருள் ஜாதியில்ல? இதையா காசு குடுத்து வாங்கினே?" என்றாள். இரண்டும் நெருங்கிய உறவுதான். வறட்சிக்குப் பழகிய செடி. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து, அப்படி நீரை மிச்சம் பிடிக்கும். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டாள். "உள்ள ஈரமா இருக்கேடா. அது கேட்டுச்சா உங்கிட்ட?"

சொல்வது யார்! பந்தியில் விருந்தாளி இலைக்குக் குறுக்கே கையை நீட்டினாலும் விரலிடுக்கில் ரசம் ஊற்றுகிறவள். அதைச் சொன்னேன். "மனுஷங்க எழுந்து ஓடிருவாங்க. இது எங்க ஓடும்?"

அவள் ஊருக்குப் போனபிறகும் அந்தப் பேச்சு விடவில்லை. தினம் இரவு ஒன்பதுக்கு அவளுக்குப் போன் செய்வேன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கதவைப் பூட்டினியா. இரண்டு நிமிஷம். வைத்ததும் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். அந்தச் செம்பும் இப்படித்தான் இருந்ததோ?

இப்போது விரல் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். சித்திரையில் பத்து நாளுக்கு ஒருமுறை; அடைமழைக் காலத்தில் ஒரு மாதம்கூட ஆகிறது.

நேற்றுப் போனில் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. சும்மா இருந்தேன். "லைன்ல இருக்கியா?" என்றாள். இருக்கேன் என்றேன். கொஞ்சம் பொறுத்து, கொல்லை முருங்கை காற்றில் முறிந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.