அம்பின் முனை

அம்பேந்திப் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர், பிறருக்குக் காயம் நேராவண்ணம் அதன் முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டுமெனப் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆயுதத்தை அவர்கள் விலக்கவில்லை. அதன் முனைக்கு உடையவனையே பொறுப்பாளியாக்கினார்கள்.

தற்காப்பு உரிமையை ஷரீஅத்தும் ஏற்கிறது. ஆயினும், 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், இரு பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குக் கூடியோரைச் சுட்டு 51 உயிர்களைப் பறித்தவன் அரசு உரிமம் பெற்றவனே. உரிமத் தாள் உள்ளத்தை அறியாது. ஏப்ரல் 10-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம், 119க்கு 1 என்ற வாக்கில், பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்தது. உழவர், வேட்டையாடுவோரின் எளிய துப்பாக்கிகளை விலக்கவில்லை.

அம்பின் முனையைக் கை மூடும். நொடிப்பொழுதில் பலரை வீழ்த்தும் கருவியின் முனையை எந்தக் கை மூடும்? மூட இயலாததைத் தனிமனிதனிடம் ஒப்படையாதிருப்பதே நீதி. அல்லாஹ் நன்கறிந்தவன்.