மிச்சத் தண்ணீர்

ஓடைப்பட்டிப் பக்கம் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர். பாதியில் வாழைக்குச் சொட்டுநீர் போட்டார். சிறு, குறு விவசாயிக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. வேளாண் பல்கலைக்கழக ஆய்வும் மானியமும் நம் வரிப்பணம்தான்.

தண்ணீர் மிச்சமானது நிஜம். மறுவருஷமே, மானாவாரியாகக் கிடந்த மீதியிலும் வாழை நின்றது. மோட்டார் பழையபடி அதே நேரம் ஓடியது. "மிச்சத் தண்ணியச் சும்மாவாப்பா விடச் சொல்ற?" என்றார்.

1865-லேயே ஜெவன்ஸ் நிலக்கரியை வைத்து இதைச் சொல்லிவிட்டார்: சிக்கனமான எந்திரம் வந்தால் மொத்தக் கரிச் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் சித்தப்பாவைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகளின் காலேஜ் ஃபீஸ் அந்த இரண்டாவது தோட்டத்திலிருந்துதான். நானோ சென்னையில் ஷவரில் குளிக்கிறவன்.

உறுத்துவது வேறு. வாய்க்காலில் பாய்ச்சிய காலத்தில் கொஞ்சம் தண்ணீராவது மண்ணுக்குள் இறங்கி அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குப் போனது. அதை 'வீண்' என்று கணக்கெழுதித்தான் இந்தச் சேமிப்பையே காட்டுகிறோம். மானியம் ஏக்கருக்கு, பூமிக்குள் விட்டுவைத்ததற்குக் கணக்குமில்லை, காசுமில்லை. பொதுப்பணத்தில் மிச்சமான தண்ணீர் யாருடையது?

கீழ்த்தோட்டத்து அத்தைக்குப் போர் போட வசதியில்லை. ஆட்டுக்குத் தண்ணி இறைக்கிற கயிற்றை இந்தக் கோடையில் இரண்டு முழம் கூட்டிக் கட்டியிருக்கிறார். சித்தப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை.