யாருக்கும் முழுக்கத் தெரியாத சமையல்

"நீ போய்ப் படி, நான் சமைக்கிறன்." ரொறன்ரோவைச் சுற்றியுள்ள எங்கள் வீடுகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. அன்பால்தான் சொல்கிறோம். படித்து முன்னுக்கு வரவேண்டிய பிள்ளை வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்பானேன் என்ற கரிசனம். அந்தப் பிள்ளைக்கு இருபது வயதானதும், "ஒரு ரசம் வைக்கத் தெரியாது" என்று வந்த சனத்துக்கு முன்னால் குறை சொல்வதும் அதே வாய்தான்.

ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் வாழ்க்கையைத் தொடங்கி, கொஞ்சம் காணியும் கொஞ்சம் காற்றும் தேடி ரூஜ் ஆற்றைத் தாண்டிப் பிக்கரிங்குக்கு வந்தவர்களில் நாங்களும் உண்டு. அடுக்குமாடியில் இரண்டு பேர் நின்றால் முட்டுப்படும் குசினி. இங்கே நடுவில் திட்டு வைத்த பெரிய குசினி. இடம் கூடியது; நிற்கிற ஆட்கள் கூடவில்லை. வேலை நேரம் ஆளுக்கொன்று. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் நின்று கிழமைக்கான கறியெல்லாம் வைத்துப் பெட்டி பெட்டியாக பிரிஜ்ஜில் அடுக்கிவிடுகிறோம். மற்றவர்கள் வருகிற நேரத்தில் எடுத்துச் சூடாக்கிச் சாப்பிடுகிறார்கள். பசி ஆறுகிறது, யாருக்கும் குறை இல்லை. ஆனாலும், சேர்ந்து சமைப்பது ஒரு குடும்பத்துக்குத் தேவைதானா, இல்லை நேரம் கிடைத்தவர்களின் ஆடம்பரமா என்ற கேள்வி எனக்குள் கிடந்தது. அதற்கு ஒரு பதிலைத் தந்தது பாஸ்தா சாலட்.

கோடையில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பூங்காக்களில் ஒன்றுகூடல் வைப்பது இங்கே வழமை. கயிறிழுத்தல், கொத்துரொட்டி, ஆட்டுக்கறி, பெரிய பானையில் கூழ். அப்படியொன்றுக்கு, "பாஸ்தா சாலட் கொண்டுவாறன்" என்று மகள் யாரிடமோ சொல்லிவிட்டாள். "ஆறின மக்ரோனியை ஆர் மோனை தின்னுறது?" என்றார் அம்மா. "கடையில டப்பாவில விக்குது, வாங்கிக்கொண்டு போவம்" என்றார் கணவர். இரண்டும் நியாயமான பேச்சு. மகள் அசையவில்லை. வீட்டில்தான் செய்ய வேண்டும், எல்லோரும் சேர்ந்து.

முதல் பிணக்கு உப்பில் வந்தது. நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், பத்துக் கிராம் உப்பு என்பது இத்தாலியர் சொல்லும் கணக்கு. மகன் அதை வாசித்தான். உப்பை ஒருநாளும் நிறுத்துப் பார்த்திராத அம்மா, "பத்துக் கிராம் எண்டா எவ்வளவு? என்ர கைக்குச் சொல்லு" என்றார். அவர் அள்ளியதைத் தராசில் வைத்தால் கணக்கைவிடக் கூடத்தான் இருந்தது. "கூடினால் என்ன, வடிக்கேக்க தண்ணியோட போயிடும்" என்றார். அதிலும் உண்மை இருந்தது.

அடுத்தது வேக்காடு. பெட்டியில் போட்டிருந்த நிமிடத்துக்கு மகன் மணி வைத்திருந்தான். அது அடித்ததும் கணவர் வந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் விடு. சுடச்சுடச் சாப்பிடுறதெண்டால் இது சரி. ஆறினால் இறுகும்" என்றார். மாச்சத்து சூட்டில் நீரை உறிஞ்சி இளகும், ஆறும்போது மறுபடி இறுகும். காலையில் அவித்த இடியப்பம் பின்னேரம் விறைத்துப்போவதும் அதனால்தான். ஆகவே சாலட்டுக்குப் பாஸ்தாவைச் சற்றுக் கூடுதலாக வேகவிட வேண்டும். பிள்ளைகள் இருவரும் திகைத்துப்போய் அப்பாவைப் பார்த்தார்கள். தேத்தண்ணீர் போடுவதைத் தாண்டி அவர் குசினியில் எதுவும் செய்து அவர்கள் கண்டதில்லை.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்திறங்கிய எங்கள் இளைஞர்கள் எத்தனையோ பேருக்கு ரொறன்ரோவின் உணவகச் சமையலறைகளே முதல் வேலைத்தளம். கோப்பை கழுவுவதில் தொடங்கி, மரக்கறி வெட்டி, அடுப்புக்கு வந்து சேர்ந்தவர்கள். இத்தாலிய உணவகங்களில் பாஸ்தா கிண்டிய தமிழ்க் கைகள் கொஞ்சமல்ல. என் கணவரும் அப்படி நின்றவர்தான். வீட்டுக்கு வந்தால் அந்த வாசனையே வேண்டாமென்று சோற்றுக்கும் பருப்புக்கும் ஏங்கியவர். எனக்குத் தெரிந்த கதை. பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல ஒரு சந்தர்ப்பம் வந்ததில்லை. "வா, உன்ர அப்பா பட்ட கஷ்டத்தைச் சொல்லுறன்" என்று கூப்பிட்டு இருத்தினால் எந்தப் பிள்ளை கேட்கும்? கை ஒரு வேலையிலும் கண் ஒரு பாத்திரத்திலும் இருக்கும்போது, பேச்சு பக்கவாட்டில் வந்து விழுகிறது. பனியில் இரவு கடைசி பஸ்ஸுக்கு நின்ற கதையெல்லாம் அன்று அந்த வடிதட்டுக்கு மேலே வைத்துத்தான் வெளியே வந்தது.

கரண்டி தேடி லாச்சியைக் கிண்டிய மகன் ஒரு மாத்திரைப் பெட்டியை எடுத்தான். பிக்கரிங் அணுமின் நிலையம் 1971 முதல் இந்த ஏரிக்கரையில் இயங்குகிறது. அதிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கும் வீடுகளுக்கு 2015இல் அயோடின் மாத்திரை கொடுத்தார்கள். விபத்தொன்று நேர்ந்து, விழுங்கச் சொல்லி அறிவித்தால் விழுங்க வேண்டும். மகன் விளக்கினான். "குண்டுக்குப் பங்கர் வெட்டினம். இதுக்குக் குளிசையோ?" என்றார் அம்மா. பிறகு, பங்கருக்குள் எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள் என்று மகள் கேட்க, அது ஒரு தனிக் கதையாக நீண்டது.

வெங்காயம் அம்மாவின் பங்கு. கடுதாசி போல மெல்லிசாக அரிந்து, உப்புப் பிசறி, தேசிக்காய்ப் புளி விட்டு வைத்தார். சம்பலுக்குச் செய்கிற அதே கைவேலை. பச்சை வெங்காயத்தின் காரம் அதில் அடங்கிவிடும். மகளின் குறிப்பில் வினிகர் என்று இருந்தது. ருசி பார்த்துவிட்டு, தேசிக்காயே இருக்கட்டும் என்றாள். வெள்ளரிக்காய், கறிமிளகாய், தக்காளி, ஒலிவ் எண்ணெய், பெற்றா சீஸ் எல்லாம் சேர்ந்தன. இடித்த செத்தல் மிளகாயோடு அம்மா கிட்ட வந்தபோது மகள் கையை நீட்டி மறித்தாள். "வேண்டாம் அம்மம்மா, என்ர சிநேகிதங்கள் சாப்பிட மாட்டினம். வேற கிண்ணத்தில வைப்பம், விரும்பின ஆக்கள் போடட்டும்." அம்மா ஒரு கணம் நின்றார். பிறகு போய்க் கிண்ணம் எடுத்து வந்தார்.

எனக்குப் புலப்பட்டது அந்த இடத்தில்தான். எங்கள் குசினியில் அம்மாவின் சொல்லை ஒருவர் மறுத்ததும், அதனால் எதுவும் உடைந்துபோகாததும் அதுவரை நடந்ததில்லை. மீன்குழம்பில் அது நடந்திராது. மீன்குழம்புக்கு ஊரிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது; அந்தத் தீர்ப்பு அம்மாவின் நாக்கில் இருக்கிறது. அங்கே நானே இன்னும் எடுபிடிதான். பாஸ்தா சாலட்டுக்கு எங்கள் வீட்டில் நீதிபதி கிடையாது. மகனுக்கு வாசிக்கத் தெரியும், கணவருக்கு வேக்காடு தெரியும், அம்மாவுக்குப் புளியும் வெங்காயமும் தெரியும், மகளுக்குச் சாப்பிடப் போகிறவர்களைத் தெரியும். முழுவதும் தெரிந்தவர் எவருமில்லை. அதனாலேயே எல்லோருக்கும் இடம் இருந்தது.

"ஊரில நாங்கள் சேர்ந்து சமைக்கேல்லையோ?" என்று அம்மா கேட்டார். சமைத்தார்கள்தான். கூழ் காய்ச்சுவதென்றால் ஒருவர் நண்டும் இறாலும் துப்புரவாக்க, ஒருவர் ஒடியல் மாவை ஊறவைத்துப் பிழிய, ஒருவர் பயிற்றங்காய் முறிக்க, சிறுசுகள் பலாவிலை பொறுக்கிக் கோலும். அங்கேயும் ஒரு கிழவியின் சொல்லே கடைசிச் சொல். ஆனால் பலாவிலை பொறுக்கிய சிறுமி நாளைக்கு மா பிழிவாள், இன்னொரு நாள் அந்தக் கிழவியின் இடத்தில் அவளே நிற்பாள். எடுபிடி வேலைக்கு ஒரு வருங்காலம் இருந்தது. இங்கே வெங்காயம் உரிக்கச் சொல்லிக் கூப்பிடும்போது, எங்கள் பிள்ளைக்கு அந்தப் படிக்கட்டு தெரிவதில்லை. உரித்து முடித்தால் மேலே போய்விடலாம் என்பதுதான் தெரிகிறது. "பிள்ளைகள் உதவி செய்யினமில்லை" என்று சலித்துக்கொள்கிறோம். உதவிக்கு ஆள் கேட்கிறோமே தவிர, முடிவில் பங்கு கொடுக்கிறோமா?

கனடாவின் உணவு வழிகாட்டி 2019இல் திருத்தப்பட்டபோது, எதைச் சாப்பிடலாம் என்பதோடு, அடிக்கடி வீட்டில் சமையுங்கள், மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுங்கள் என்பதையும் அதில் சேர்த்தார்கள். திட்டமிடுவதிலும் தயாரிப்பதிலும் மற்றவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறது அது. தயாரிப்பைப் பகிர நாங்கள் பின்னிற்பதில்லை. உருளைக்கிழங்கை யாரிடமும் தருவோம். என்ன சமைப்பது, எவ்வளவு உறைப்பு என்கிற திட்டத்தைத்தான் பொத்திப் பிடித்திருக்கிறோம். அதற்கும் காரணம் உண்டு. வெளியே மொழி, வேலை, சட்டம் எல்லாவற்றிலும் பிள்ளைகளின் கையைப் பிடித்து நடக்கவேண்டிய நாட்டில், மூத்தவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே இராச்சியம் குசினிதான். அதை விட்டுக்கொடு என்று லேசாகச் சொல்லிவிட முடியாது.

அதனால்தான், பாரம்பரியச் சமையலில் கைவைத்துத் தொடங்காமல், யாருடைய மானமும் தங்கியிராத ஒரு சாப்பாட்டில் தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். பாஸ்தா பிழைத்துப்போனால் யாருடைய ஊருக்கும் இழுக்கில்லை.

"எங்கட சாப்பாடு, அவையின்ர சாப்பாடு" என்ற வேலியும் நாங்கள் நினைக்கிற அளவுக்கு உயரமில்லை. பாஸ்தாவுக்கான கெட்டிக் கோதுமை கனடாவில் பெரும்பாலும் சஸ்காச்சுவான் சமவெளியில் விளைகிறது. இத்தாலிய ஆலைகளே அதை வாங்குகின்றன. உலகத்துக்கு அதிகம் மைசூர்ப் பருப்பு அனுப்பும் நாடுகளில் முன்னிற்பதும் கனடாதான், அந்தப் பருப்பும் முக்கியமாக அதே சஸ்காச்சுவானில்தான் விளைகிறது. இலங்கையின் கடைகளுக்கும் அது போகிறது. சோற்றுக்கு மேல் விட்ட பருப்புக்கறியும், அம்மா சந்தேகத்தோடு பார்த்த பாஸ்தாவும் பக்கத்துப் பக்கத்து வயலில் விளைந்தவையாக இருக்கலாம். மகன் இதைச் சொன்னபோது, "அப்ப இவ்வளவு காலமும் கனடாச் சாப்பாடுதான் சாப்பிட்டனானோ?" என்று அம்மா சிரித்தார்.

பூங்காவில் கூழ்ப்பானைக்குப் பக்கத்தில் எங்கள் தட்டமும் இருந்தது. கோடை வெய்யிலில் இப்படியான சாப்பாட்டை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது என்று மகள் ஐஸ் பெட்டியோடு காவல் நின்றாள். அம்மா ஒரு தட்டு எடுத்து, கிண்ணத்து மிளகாயைத் தாராளமாகத் தூவிக் கிளறிச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம், "இது எங்கட பழஞ்சோத்துக் குழையல் மாதிரித்தான்" என்று சான்றிதழ் கொடுத்தார். கூழ் வெகுநேரம் முன்பே முடிந்துவிட்டது. சாலட்டில் பாதி மிஞ்சியது. மகள் அதைத் தோல்வியாக எடுக்கவில்லை. அடுத்தமுறை சீஸைக் குறைக்க வேண்டும் என்றாள். தன் பொருள் என்று நினைப்பவர்தான் அடுத்தமுறையைப் பற்றிப் பேசுவார்.

சேர்ந்து சமைப்பது தேவையா என்றால், வயிற்றுக்குத் தேவையில்லை. கடையில் டப்பா இருக்கிறது, பிரிஜ்ஜில் பெட்டி இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் தன் சொல்லுக்கும் ஒரு பெறுமதி உண்டு என்று பிள்ளை அறிந்துகொள்ள, பரீட்சைப் புள்ளிகளும் அறிவுரைகளும் போதாது. அவள் சொன்னதால் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும், அந்த மாற்றத்தை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும். மூத்தவர்களுக்கும் இதில் நட்டம் இல்லை. சென்ற கிழமை மகள் தானாகவே வந்து, மீன்குழம்புக்குப் புளி எப்போது விடுவது என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா பதில் சொன்னார். பிறகு அவராகவே, "உனக்கு உறைப்பு எவ்வளவு போட?" என்று கேட்டார்.