பகைவர் பெயரும் பொறித்த கல்

போரில் இறந்தோருக்குக் கல் நாட்டும் வழக்கம் ஏறக்குறைய எல்லாச் சமூகங்களிலும் இருந்து வந்திருக்கிறது. அந்தக் கல் யாருக்காக என்ற கேள்விக்கும் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் விடை ஒன்றே: நம்மவருக்காக. வாஷிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58 ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கப் பெயர்கள் உள்ளன. அதே போரில் மடிந்த லட்சக்கணக்கான வியட்நாமியரின் பெயர்களுக்கு அங்கே இடமில்லை. இந்த வழக்கத்தை விட்டு விலகி, ஒரு போரில் இறந்தவர் எந்நாட்டவராயினும், படைவீரராயினும் பொதுமக்களாயினும், அனைவரையும் பெயர் சொல்லி ஓரிடத்தில் நிறுத்திய முயற்சிகளுள் முதன்மையானது ஜப்பானின் ஒகினாவாத் தீவில், மபுனிக் குன்றை ஒட்டிய அமைதி நினைவுப் பூங்காவில் உள்ளது. கடலை நோக்கி விரியும் அந்தக் கருங்கல் வரிசைகளுக்கு இடையே நடப்பவருக்கு ஓர் அறக்கேள்வியைத் தவிர்க்க வழியில்லை. கொன்றவருக்கும் கொல்லப்பட்டவருக்கும் ஒரே வரிசையில் இடம் கொடுத்து ஒரே துக்கம் காப்பது நியாயமாகுமா?

கேள்வியின் கனம் தெரிய வேண்டுமாயின் அங்கே நடந்தது தெரிந்திருக்க வேண்டும். 1945 மார்ச் 26 அன்று கெராமாத் தீவுகளிலும், ஏப்ரல் 1 அன்று ஒகினாவாவின் பெருந்தீவிலும் அமெரிக்கப் படைகள் கரையிறங்கின. ஷுரிக் கோட்டையின் அடியில் தோண்டிய சுரங்கங்களில் தலைமையகம் அமைத்திருந்த ஜப்பானின் 32ஆம் படை, வெற்றியை எதிர்பார்க்காமல், ஜப்பானின் மைய நிலப்பகுதி தாக்கப்படும் நாளைத் தள்ளிப்போடுவதற்காகவே போரிட்டது. மே மாத இறுதியில் ஷுரியைக் காக்க முடியாது என்ற நிலை வந்தபோது, தளபதி உஷிஜிமா மித்சுரு சரணடையாமல் தெற்கே பின்வாங்க முடிவெடுத்தார். தென்முனையின் சுண்ணாம்புக்கல் குகைகளில் அடைக்கலம் புகுந்திருந்த பொதுமக்களுக்கு நடுவே தோற்றோடும் படையும் வந்து சேர்ந்தது. காமா என்று உள்ளூரார் அழைக்கும் அந்தக் குகைகளிலிருந்து பல குடும்பங்கள் குண்டுமழைக்குள் விரட்டப்பட்டன. குழந்தையின் அழுகை எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று தாய்மார் மிரட்டப்பட்டனர். ஒகினாவாவின் மொழியில் பேசுவோரை ஒற்றராகக் கருதித் தண்டிக்க வேண்டும் என்ற படை ஆணையும் இருந்தது. ஜூன் 23 வாக்கில் உஷிஜிமா மபுனிக் குகையில் தற்கொலை செய்துகொண்டதோடு ஒழுங்கான எதிர்ப்பு முடிந்ததாகக் கணக்கிடப்படுகிறது. ஆயினும் கடைசிவரை போரிடுமாறு அவர் விட்டுச்சென்ற ஆணையால் சாவுகள் அதன் பின்னும் நிற்கவில்லை. ஒகினாவா மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அந்தப் போரில் இறந்தார்.

போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டில், 1995 ஜூன் 23 அன்று, ‘அமைதியின் அடிக்கல்’ என்னும் பொருள்படும் பெயரோடு அக்கல்வரிசைகள் திறக்கப்பட்டன. விரித்து நிறுத்திய மடிப்புத் திரை போல வளைந்து வளைந்து செல்லும் கருங்கற்களில் இன்று 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமான பெயர்கள் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கண்டறியப்படும் பெயர்கள் சேர்க்கப்படுகின்றன. நடுவிலுள்ள தீயில், அமெரிக்கர் முதலில் கரையிறங்கிய தீவுகளுள் ஒன்றான ஆகாவிலும், ஹிரோஷிமாவிலும், நாகசாகியிலும் எடுத்த நெருப்பு ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கற்களில் பதவிப் பெயர் இல்லை, பட்டம் இல்லை, யார் ஆயுதம் ஏந்தியவர், யார் வயலில் நின்றவர் என்ற குறிப்பும் இல்லை. 14 ஆயிரம் அமெரிக்கப் பெயர்களுக்கும் இதே முறைதான்.

ஒகினாவா மக்களின் பெயர்கள் ஊர்வாரியாகப் பகுக்கப்பட்டிருப்பதால், ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள் கல்லிலும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஒரு குடும்பப்பெயர் ஐந்தாறு வரிகளுக்குத் தொடர்ந்து வருமிடங்களில், அந்த வீட்டில் எவரேனும் எஞ்சினரா என்ற ஐயம் படிப்பவருக்கு எழாமல் இராது. சில வரிகளில் பெயரே இல்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் குழந்தை’, ‘இன்னாரின் மூத்த மகன்’ என்று மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. பெயரிடப்படுவதற்கு முன் இறந்த குழந்தைகளும், பெயரை அறிந்தவர் அனைவரும் மாண்டுபோனதால் பெயர் இழந்தவர்களும் அவ்வாறே கல்லில் ஏறியிருக்கிறார்கள். பெயர் தெரியாதவரை எண்ணிக்கையில் மட்டும் அடக்கிவிடாமல், அவருக்கும் ஒரு வரியை ஒதுக்கியதில் இந்த நினைவிடத்தை அமைத்தவர்களின் மனம் வெளிப்படுகிறது.

இதில் சமய நோக்கிலும் சிந்திக்கத்தக்க ஒரு முரண் இருக்கிறது. ஒகினாவாவின் மரபு நம்பிக்கையின்படி இறந்தவர் முப்பத்துமூன்று ஆண்டுகள் வரை தமக்கே உரிய பெயரோடு வழிபடப்படுகிறார்; 33ஆம் ஆண்டின் இறுதிச் சடங்கு முடிந்ததும் தனியடையாளம் நீங்கி, முன்னோர் என்னும் பொதுமையில் கலந்துவிடுகிறார். அந்தக் கணக்கில், 1945இல் இறந்தவர்கள் 1977லேயே பெயர் துறந்து தெய்வமாகிவிட்டார்கள். அவ்வாறிருக்க, பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் பெயர் சொல்லி அழைத்தது ஏன்? சடங்கு முறையாக நிறைவேறுவதற்கு எலும்பு வேண்டும், கல்லறை வேண்டும். போரில் இறந்த பலருக்கு இரண்டும் இல்லை. உறவினர் இறந்ததாகக் கேள்விப்பட்ட இடத்திலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து வந்து, அதையே எலும்பாகப் பாவித்துக் குடும்பக் கல்லறையில் வைத்த வீடுகள் பல. அத்தகையோருக்குக் கருங்கல்லில் வெட்டிய பெயரே உடலின் இடத்தில் நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 23 அன்று முதியவர்கள் அந்தப் பெயருக்கு முன் அமர்ந்து, பழமும் பலகாரமும் படைத்து, ஊதுவத்தி ஏற்றி, தண்ணீர் ஊற்றிக் கல்லைத் தடவிப் பேசுவதைக் காணலாம். எச்சமயத்தின் சின்னமும் இல்லாமல் அமைக்கப்பட்ட பொதுவிடத்தை மக்கள் தாமாகவே வழிபாட்டிடமாக்கிக்கொண்டனர்.

இதன் அருமை தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தோடு ஒப்பிடும்போது இன்னும் துலங்கும். 1869இல் நிறுவப்பட்ட அந்த ஷிந்தோ ஆலயத்தில், பேரரசரின் பக்கம் நின்று உயிர்விட்ட ஏறத்தாழ 24 லட்சத்து 60 ஆயிரம் பேர் தெய்வங்களாக வைக்கப்பட்டுள்ளனர். உள்நாட்டுப் போரில் பேரரசரை எதிர்த்து இறந்த ஜப்பானியருக்குக்கூட அங்கே இடமில்லை. 1952இல் இயற்றப்பட்ட போர்ப் பாதிப்பு நிவாரணச் சட்டம் பின்னர் ஒகினாவாவின் பொதுமக்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டபோது, ‘போரில் பங்கேற்றவர்’ என்று வகைப்படுத்தப்பட்டால்தான் உதவித்தொகை கிடைக்கும் என்ற நிலை ஏற்பட்டது. அவ்வகைகளுள் ஒன்று, படைக்குக் ‘குகையை வழங்கியவர்’ என்பது. குகையிலிருந்து துரத்தப்பட்டு இறந்தவர், காகிதத்தில் குகையை மனமுவந்து அளித்தவராக மாறினார். கைக்குழந்தைகளும் அவ்வாறே மாறி, யாசுகுனியின் பட்டியலிலும் ஏறினர். வறுமையில் உழன்ற குடும்பங்கள் உதவித்தொகைக்காக அந்தச் சொற்களை ஏற்றதில் குற்றம் காண எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் இறந்தவரின் சாவுக்கு அரசு ஒரு பொருளைத் திணித்து, அந்தப் பொருளுக்காகவே அவரைப் போற்றுவது அவருக்கு இழைக்கும் இரண்டாவது கொடுமை. மபுனிக் கல் எவர் சாவுக்கும் பொருள் சொல்வதில்லை. இன்னார் இறந்தார் என்பதற்கு மேல் அது பேசுவதில்லை.

பகைவரையும் சேர்த்துத் துக்கம் காக்கும் கருத்து ஜப்பானியப் பௌத்தத்துக்குப் புதிதன்று. ‘ஒன்ஷின் பியோதோ’ என்று அது அழைக்கப்படுகிறது. வெறுப்புக்குரியவரையும் அன்புக்குரியவரையும் சமமாகக் காணுதல் என்பது அதன் கருத்து. மங்கோலியப் படையெடுப்புகளை முறியடித்த ஆட்சியாளர் ஹோஜோ தோகிமுனே, 1282இல் காமகுராவில் எங்காகு-ஜி என்னும் ஜென் மடத்தை நிறுவியபோது, இரு தரப்பிலும் இறந்தோருக்காக அதை அர்ப்பணித்தார். இறந்தபின் பகை இல்லை என்ற இந்த எண்ணம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே எண்ணம் எவ்வளவு எளிதாகத் திரிந்துபோகும் என்பதற்கும் ஜப்பானிலேயே சான்று உண்டு. 1937இல் நான்ஜிங் நகரைக் கைப்பற்றிய படைகளின் தலைவர் மட்சுய் இவானே, சீனப் போர்க்களத்து மண்ணைக் கலந்து செய்த கண்ணோன் சிலையொன்றை 1940இல் அத்தாமி நகருக்கு அருகே நிறுவி, இறந்த ஜப்பானியருக்கும் சீனருக்கும் பொதுவாக வழிபாடு நடத்தினார். கண்ணோன் என்பது அவலோகிதேசுவரர் என்னும் கருணைப் போதிசத்துவரின் ஜப்பானிய வடிவம். அப்போது போர் ஓயவில்லை. சீனாவில் கொலை தொடர்ந்துகொண்டிருந்தது. நான்ஜிங் கொடுமைகளைத் தடுக்கத் தவறியதற்காக 1948இல் தூக்கிலிடப்பட்ட அவரது துக்கம் பொய்யானது என்று சொல்ல வேண்டியதில்லை. அது உண்மையாகவே இருந்திருக்கலாம். என்றாலும், அடித்தவன் அடிபட்டவனை நோக்கி ‘நாம் இருவரும் சமம்’ என்று சொல்வதற்கு உரிமை பெற்றிருக்கவில்லை.

ஆகவே சமத்துக்கம் நியாயமா என்ற கேள்விக்கு, அதை வழங்குபவர் யார் என்பதைப் பார்க்காமல் விடை காண முடியாது. மபுனியில் அதை வழங்கியவர்கள் அடிபட்டவர்கள். நினைவிடத்தை எழுப்பிய ஆளுநர் ஓத்தா மசஹிதே, 1945இல் பள்ளி மாணவராக இருந்தபோதே படைக்கு எடுக்கப்பட்டு, 32ஆம் படையின் கீழ் மபுனிவரை வந்து, சக மாணவர்கள் மடிவதைக் கண்டு பிழைத்தவர்; பின்னர் அந்தப் போரை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட அறிஞர். தம் தீவை எரித்தவர்களின் பெயர்களையும், தம் மக்களைக் குகையிலிருந்து விரட்டியவர்களின் பெயர்களையும் தம் மக்களின் பெயர்களுக்கு அருகே வைக்க அத்தகையோர் முன்வந்ததால்தான் அச்செயலுக்கு அறவலிமை கிடைத்தது.

அப்படியிருந்தும் ஓர் எதிர்ப்பு ஓயவில்லை. உஷிஜிமாவின் பெயரும் கல்லில் இருக்கிறது. அவர் எடுத்த முடிவால் மாண்ட குழந்தைகளும் அங்கேயே இருக்கின்றன. பொறுப்பு மறைந்துவிடுகிறதே என்று ஒகினாவாவிலேயே பலர் கேட்டனர். ஜெர்மானிய மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ், நாஜி ஆட்சியின் வீழ்ச்சிக்குப் பின் 1946இல் வெளியிட்ட நூலில், குற்றம் என்பதைச் சட்டக் குற்றம், அரசியல் பொறுப்பு, அறக்குற்றம், மனிதர் என்ற முறையில் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டிருப்பதால் எழும் மெய்யியல் குற்றம் என நான்காகப் பிரித்தார். ஒன்றை மற்றொன்றில் கரைத்துவிட்டால் அனைவரும் குற்றவாளிகள் என்றாகி, எவருமே குற்றவாளி இல்லை என்ற நிலை வந்துவிடும் என்பது அவ்வாதத்திலிருந்து பெறப்படும் எச்சரிக்கை. துக்கத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே இதே பிரிவினை தேவை. கல் துக்கத்தின் இடம்; தீர்ப்புக்கு வேறோர் இடம் வேண்டும். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் அமைதி நினைவு அருங்காட்சியகம் அந்தக் கடமையை ஏற்றிருக்கிறது.

அந்த அருங்காட்சியகத்தின் புதிய கட்டடம் 2000இல் திறக்கப்படுவதற்கு முன் நடந்த ஒரு சச்சரவு இங்கே கருதத்தக்கது. குகைக்குள் பொதுமக்களோடு ஒரு ஜப்பானிய வீரன் துப்பாக்கியுடன் நிற்பதைக் காட்டும் உருவக் காட்சி திட்டமிடப்பட்டிருந்தது. 1999இல், மாவட்ட நிர்வாகத்தின் தலையீட்டால் வீரனின் கையிலிருந்த துப்பாக்கி நீக்கப்பட்டது தெரியவந்தது. கை அப்படியே இருக்க ஆயுதம் மட்டும் மறைந்தபோது, மிரட்டுபவன் காவலனாகிவிட்டான். பிழைத்தோரும் ஆய்வாளரும் பத்திரிகைகளும் எழுப்பிய கடும் எதிர்ப்புக்குப் பின் துப்பாக்கி திரும்பி வந்தது. கற்களில் எல்லாரையும் சமமாக நிறுத்திய அதே மக்கள், குகைக் காட்சியில் ஒரு துப்பாக்கிக்காக விடாப்பிடியாகப் போராடியதில் முரண் ஏதும் இல்லை. கண்காட்சியில் துப்பாக்கி இல்லையெனில் கல்லில் உள்ள சமத்துவம் பொய்யாகிவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

கல் சொல்லாமல் விடுவது அதோடு முடிவதில்லை. யோமிதான் ஊரில் சிபிச்சிரி, ஷிமுகு என்னும் இரு குகைகள் உள்ளன. சிபிச்சிரியில் ஒளிந்திருந்த ஏறத்தாழ 140 பேரில் 80க்கும் அதிகமானோர், பிடிபட்டால் நேரும் கொடுமைகளைப் பற்றிப் படை ஊட்டியிருந்த அச்சத்தால், 1945 ஏப்ரல் தொடக்கத்தில் ஒருவரையொருவர் கொன்றும் தற்கொலை செய்துகொண்டும் மாண்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் சிறார். ஷிமுகுவிலோ, ஹவாயில் வாழ்ந்து திரும்பியிருந்த இருவர் அமெரிக்கரோடு பேசி, உள்ளிருந்த சுமார் ஆயிரம் பேரையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தனர். சிபிச்சிரியின் பெயர்களைக் கல்லில் காணலாம். ஆயிரம் பேரைச் சாவின் பட்டியலில் சேராமல் காத்த செயலை மபுனிக் கற்களில் காண முடியாது.

கொரியர்களின் நிலை எல்லாவற்றிலும் கடினமானது. கட்டாய வேலைக்கும் படைப்பணிக்கும், பெண்களைப் பாலியல் அடிமைத்தனத்துக்கும் என ஆயிரக்கணக்கான கொரியர் ஒகினாவாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். கல்லில் இருப்பவையோ சில நூறு பெயர்கள். ஆவணங்கள் அழிந்ததும், கொரியர் மீது திணிக்கப்பட்ட ஜப்பானியப் பெயர்களால் ஆளை அடையாளம் காண முடியாமற்போனதும் இதற்குக் காரணங்கள். மற்றொரு காரணமும் உண்டு: தம் உறவினரின் பெயர் ஜப்பானிய வீரர்களின் பெயர்களோடு ஒரே வளாகத்தில் நிற்பதை அவமானமாகக் கருதிச் சில குடும்பங்கள் மறுத்துவிட்டன. ஒகினாவா மக்கள் ஜப்பானால் வதைபட்டவர்கள்; ஆயினும் கொரியர் முன் அவர்களும் பேரரசின் குடிகளே. அடிபட்டவர் மட்டுமே சமத்துக்கத்தை வழங்க முடியும் என்றால், கொரியரின் சார்பில் அதை வழங்கும் உரிமை ஒகினாவாவுக்கும் இல்லை. அந்த மறுப்பு நினைவிடத்தின் குறையன்று. நினைவிடம் நிற்கும் அறத்தின் பகுதியே அது. கொரியப் பகுதியில் பெயரின்றி விடப்பட்டிருக்கும் கல்முகங்களை அவ்வாறு படிப்பதே நேர்மை.

தீவின் தென்பகுதி மண்ணில் இன்னும் எலும்புகள் கிடைக்கின்றன. அவற்றைத் தேடி எடுக்கும் தன்னார்வலர்களுக்கு, கையிலுள்ள எலும்பு எந்நாட்டவருடையது என்பது மரபணுச் சோதனைவரை தெரிவதில்லை. ஹெனோகோவில் அமெரிக்க விமானத்தளம் அமைப்பதற்காகக் கடலைத் தூர்க்க அந்த மண்ணையும் எடுக்கலாம் என்று அரசின் திட்டம் இடம் தந்தபோது, தளத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் அதில் ஒன்றுபட்டனர். எலும்பு கலந்திருக்கக்கூடிய மண்ணைத் தூர்ப்புப் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2021இல் ஒகினாவா மாவட்டப் பேரவை ஒருமனதாகத் தீர்மானித்தது.