கடன்பட்டவரே கடன் கொடுப்பதா?

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் நிலம் பெரும்பாலும் மானாவாரி. ஐப்பசி மழையை நம்பி உளுந்து, பாசி, மக்காச்சோளம் விதைக்கிறார்கள். மழை தள்ளிப்போனால் முளைத்தது கருகும். மறுபடி உழவு, மறுபடி விதை, மறுபடி வட்டிக்குப் பணம். தப்பிப் பிழைத்த பயிரையும் மார்கழிப் பெருமழை அழுகவைத்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்கள் அப்படியொரு மழையைக் கண்டன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது.

அந்த மழைக்கு இன்ன நாடுதான் காரணம் என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் சூடேறிய காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கிறது, பெருமழை மேலும் கடுமையாகிறது. காற்றைச் சூடாக்கியது யார் என்பதற்குக் கணக்கும் உண்டு. உலக மக்களில் 4 விழுக்காட்டினர் வாழும் அமெரிக்கா, 1850 முதல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து வந்த கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கை வெளியிட்டிருக்கிறது. 17 விழுக்காட்டுக்கும் மேல் மக்கள் வாழும் இந்தியாவின் பங்கு 5 விழுக்காட்டை எட்டவில்லை.

பங்குக் கிணற்றில் முறைவைத்துத்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். பெரிய மோட்டார் வைத்து அடுத்தவர் முறையையும் இறைத்துக்கொண்ட பங்காளி, கிணறு வற்றிய பிறகு ‘இனி எல்லோரும் ஒரே அளவாகச் சிக்கனம் பிடிப்போம்’ என்றால் ஊர் ஒப்புக்கொள்ளுமா?

‘முன்னோர்கள் தெரியாமல் செய்தது’ என்று பணக்கார நாடுகளிடமிருந்து பதில் வருகிறது. 1850 முதல் 2019 வரை வெளியான கரியமில வாயுவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் 1990க்குப் பிறகு வந்தது. 1992இல் ரியோவில் கையெழுத்திட்ட காலநிலை உடன்படிக்கையிலேயே பொறுப்பு அனைவருக்கும் பொது, ஆனால் அளவு வேறு என்று ஒப்புக்கொண்டாயிற்று. தெரியாத காலத்துப் புகைக்கும் விலக்கு கிடையாது: அந்தப் புகையில் எழுந்த ஆலைகளையும் செல்வத்தையும் அனுபவிக்கும் வாரிசு, கடனை மட்டும் தள்ளிவிட முடியாது.

இதில் மனத்தை மிகவும் உறுத்துவது பணம் வரும் விதம். வளரும் நாடுகளுக்காக ஆண்டுக்கு 10,000 கோடி டாலரை 2020க்குள் திரட்டுவதாக 2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் வாக்களித்தன. அந்தத் தொகையை எட்டியது 2022இல். அரசுகள் வழியாக வந்த பணத்தில் பெரும்பகுதி கடன். தீங்கு செய்தவர் இழப்பீட்டைக் கடனாகக் கொடுத்து, பாதிக்கப்பட்டவரிடம் அதைத் திருப்பி வாங்குவது எந்த நியாயத்தில் சேரும்? 2024இல் பாகு மாநாட்டில் 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடித்தபோது, அரங்கிலேயே இந்தியா மறுப்பைப் பதிவுசெய்தது. அந்த மறுப்பு நியாயமானது.

ஆனால் அதே தராசு உள்நாட்டுக்கும் பொருந்தும். பிழைப்புக்கான புகையும் சொகுசுக்கான புகையும் ஒன்றல்ல என்று 1991இல் சூழலியலாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதினார்கள். ஏழைகள் குறைவாக எரிப்பதால் தாழ்ந்து நிற்கும் இந்தியச் சராசரியைக் காட்டி நம் பெருநகரத்துப் பணக்காரர்கள் தங்கள் புகையை மறைத்துக்கொள்வதும் அநீதிதான். இழப்பீடு வாங்கிவந்தால் மட்டும் போதாது, அது போய்ச் சேரும் இடத்தையும் அரசு பார்க்க வேண்டும். பயிர் நிவாரணம் பட்டாவைப் பார்த்துக் கொடுக்கப்படும்போது, எழுத்தில்லாமல் குத்தகைக்கு உழுபவர் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார். மறுவிதைப்புக்கு வட்டிக்கு வாங்கியவர் அவர்தான்.