துப்பும் தீர்ப்பும்

2007 மே 3 இரவு. போர்ச்சுகலின் தென்கரையிலுள்ள பிராயா ட லூஸ் என்ற கடற்கரை ஊரில், விடுமுறைக்கு வந்திருந்த ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றின் மூத்த மகள் மேடலின் மெக்கான் விடுதி அறையிலிருந்து காணாமல் போனாள். அவளுடைய நான்காம் பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பெற்றோர் பக்கத்து உணவகத்தில் நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நண்பர்களில் ஒருவர், குழந்தையொன்றைக் கைகளில் ஏந்தியபடி ஓர் ஆண் தெருவில் நடந்து போனதை அன்றிரவு பார்த்ததாகச் சொன்னார். அந்த ஆளின் உருவம் ஓவியமாக வரையப்பட்டது. அவன்தான் கடத்தியவன் என்று பலர் நம்பினார்கள். அப்படி ஒருவன் இருக்கவே இல்லை, அது பெற்றோரைக் காப்பாற்றக் கட்டிய கதை என்று இன்னொரு கூட்டம் இணையத்தில் வாதாடியது. ஆறு ஆண்டு கழித்து, 2013 அக்டோபரில், லண்டன் காவல்துறை தான் கண்டதைச் சொன்னது. விடுதியின் இரவுநேரக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து தன் மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பிய ஒரு பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணியாகவே அந்த ஆள் பெரும்பாலும் இருக்க வேண்டும் என்றது.

தூங்கும் மகளைச் சுமந்து அறைக்குத் திரும்பிய ஒரு தகப்பன். ஒரு தரப்புக்கு அவர் கொடியவர். மறு தரப்புக்கு அவர் கற்பனை. இரண்டு தரப்பும் குழந்தையின் மேல் உள்ள அக்கறையால்தான் பேசியதாக நம்பின. அந்த அக்கறைக்கு எதுவரை உரிமை உண்டு? ஒரு குழந்தை காணாமல் போகும்போது, அதிகாரமோ பயிற்சியோ இல்லாத பொதுமக்கள் தாமாகத் துப்பறிவது அறமாகுமா?

கேள்வியை அக்கறையின் பக்கத்திலிருந்தே தொடங்குவதுதான் நேர்மை. அடுத்தவர் பிள்ளை தொலைந்தாலும் நெஞ்சு பதறுவது மனிதனின் மேன்மைகளில் ஒன்று. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தை தவறிவிட்டால் பந்தலிலிருந்து ஒலிபெருக்கி அலறும்: நீலச் சட்டை போட்ட நான்கு வயதுப் பையன், கண்டவர்கள் உடனே அழைத்து வரவும். அதைக் கேட்ட ஒவ்வொருவரும் தன் காலடியை ஒருமுறை குனிந்து பார்ப்பார்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேரை அந்த ஒரு கணம் உறவினராக்கிவிடுகிறது.

காவல்துறை இருக்கிறது, அதனிடம் விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பாருங்கள் என்பதும் முழுமையான விடையாகாது. காணாமல் போன குழந்தையைப் பற்றிய ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட வேண்டியிருந்தது. எங்காவது விளையாடப் போயிருக்கும், வந்துவிடும் என்ற பதிலோடு காவல் நிலையத்திலிருந்து திரும்பிய ஏழைப் பெற்றோரின் கண்ணீர் அந்த உத்தரவுக்குப் பின்னால் இருக்கிறது. அமைப்பு கைவிடும் இடத்தில் வெளியார் குரல் கொடுப்பது தலையீடாகாது, அது துணை. எனவே ஊராருக்கு இதில் வேலையே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அந்த வேலை எது என்பதுதான் கேள்வி.

குழந்தையைத் தேடுவது ஒரு செயல். குற்றவாளியைத் தேடுவது வேறொரு செயல். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவதற்குக் கண் போதும். இரண்டாவதற்குச் சான்று வேண்டும். வீட்டிலிருந்து கைப்பேசியில் துப்பறிபவரிடம் சம்பவ இடம் இல்லை, தொலைபேசிப் பதிவுகள் இல்லை, தடய ஆய்வு அறிக்கை இல்லை, சாட்சிகளின் வாக்குமூலம் இல்லை. அவருக்குக் கிடைப்பதெல்லாம் தொலைக்காட்சியில் தெரியும் பெற்றோரின் முகம்தான். ஆகவே அவருடைய விசாரணை தவிர்க்க முடியாமல் அந்த முகத்தில் போய் நிற்கிறது. அம்மா ஏன் அழவில்லை? அப்பா ஏன் ஒரு கணம் சிரித்தார்? இந்தச் சட்டையை ஏன் போட்டார்? கையிலிருக்கும் ஒரே பொருளைக் கொண்டு முழு வீட்டையும் கட்டிவிடும் முயற்சி அது.

முகத்தைப் படித்துத் தீர்ப்பெழுதும் பழக்கம் இணையத்துக்கு முந்தியது. 1980 ஆகஸ்ட் 17 இரவு, ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையருகே முகாமிட்டிருந்த ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை அசாரியா கூடாரத்திலிருந்து மறைந்தாள். டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப் போனதாகத் தாய் லிண்டி சேம்பர்லின் கதறினார். கேமராவின் முன் அவர் போதிய அளவு அழவில்லை என்று நாடு முடிவு செய்தது. சேம்பர்லின் குடும்பத்தார் சிறுபான்மைக் கிறிஸ்தவச் சபையொன்றைச் சேர்ந்தவர்கள். அசாரியா என்ற பெயருக்கே வனாந்தரத்தில் கொடுத்த பலி என்று பொருள் எனப் புரளி கிளம்பியது. அந்தப் பெயருக்கு அப்படியொரு பொருளே இல்லை. முதல் மரண விசாரணை தாய் சொன்னதை ஏற்றது. வதந்திகளை அடக்கவே அதன் முடிவைத் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். ஊர் வாய் அடங்கவில்லை. வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. காரில் கண்டது குழந்தையின் ரத்தம் என்றார்கள். பின்னாளில் அதன் பெரும்பகுதி, சத்தத்தைக் குறைக்கக் கார்த் தொழிற்சாலையில் பூசும் கலவை என்று தெரிந்தது. அதற்குள், 1982இல், அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது.

பிராயா ட லூஸிலும் அதே கதைதான் நடந்தது. காவல்துறைக்கும் வெளிநாட்டினருக்கும் இடையே மொழிபெயர்த்து உதவ வந்த உள்ளூர்வாசி ஒருவர், அளவுக்கு மீறி ஆர்வம் காட்டுகிறார் என்ற ஐயத்திலேயே சந்தேக வளையத்துக்குள் வந்தார். பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டின. 2008 ஜூலையில் போர்ச்சுகல் அரசுத் தரப்பு அவரையும், அதற்குள் சந்தேகத்துக்குரியவர்களாக அறிவிக்கப்பட்டிருந்த குழந்தையின் பெற்றோரையும் அந்தப் பட்டியலிலிருந்து விடுவித்தது. அவதூறுக்காகப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவருக்கு 6 லட்சம் பவுண்டு கொடுத்தன. அழாதவள் குற்றவாளி; ஓடிவந்து உதவியவனும் குற்றவாளி. கூட்டத்தின் கண்ணுக்கு எந்த நடத்தையும் சான்றாகிவிடும் என்றால், எதுவுமே சான்றில்லை என்றுதான் பொருள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்தத் தாயைச் சிறைக்கு அனுப்பியது நீதிமன்றம்; அந்தப் பெற்றோரைச் சந்தேகத்துக்குரியவர்களாக்கியது காவல்துறை. அதிகாரமுள்ளவர்களே தவறும்போது சாமானியரை மட்டும் குறைகூறலாமா?

நீதிமன்றமும் தவறும். ஆனால் அதன் தவறுக்கு ஒரு முகவரி உண்டு. மேல்முறையீடு செய்யலாம், ஆணையம் அமைக்கலாம், ஆவணத்தைக் கேட்கலாம், குறுக்கு விசாரணை செய்யலாம். சேம்பர்லின் குடும்பம் அந்தக் கதவுகளைத் தட்டித் தட்டித்தான் 1988இல் தண்டனையை ரத்து செய்ய வைத்தது. குழந்தையின் சாவுக்கு டிங்கோவே காரணம் என்ற இறுதி முடிவு 2012இல், நான்காவது மரண விசாரணையில், எழுத்தில் கிடைத்தது. முப்பத்திரண்டு ஆண்டு என்பது கொடுமை. ஆயினும் தட்டுவதற்குக் கதவு இருந்தது. பெயர் மறைத்து எழுதிய பத்தாயிரம் பேரின் தவறுக்கு எந்தக் கதவைத் தட்டுவது? சிலப்பதிகாரத்தில், பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பிக் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன், சிலம்பு உடைந்து உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டான். இறந்தவனை அது மீட்கவில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்பவன் தன் தீர்ப்புக்குத் தானே விலை தர வேண்டும் என்ற அறம் அங்கே நின்றது. இணையத் தீர்ப்பாளர் தரும் விலை ஒரு பதிவை அழிப்பது மட்டுமே. விலை தரத் தயாரில்லாத தீர்ப்பைச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இந்த வேட்டை யாரையும் விடுவதில்லை, வேட்டையாடுபவரையும்கூட. 2014இல் இங்கிலாந்தில், மேடலினின் பெற்றோரைப் புனைபெயரில் தொடர்ந்து தூற்றி எழுதிய ஒரு பெண்ணைத் தொலைக்காட்சி நிருபர் அவர் வீட்டு வாசலில் கேமராவோடு மடக்கினார். அவர் முகம் நாடு முழுக்கக் காட்டப்பட்டது. சில நாட்களில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதியவை கொடுமையானவை. அவருக்கு நேர்ந்ததும் கொடுமையே. ஒருவரைப் பொதுவெளியில் நிறுத்தி ஊரைக் கொண்டு தண்டிக்கும் அதே முறைதான் இரு பக்கமும் இயங்கியது.

தமிழ் வாசகர்களுக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். தூரம் அதிகமில்லை. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று ஊரார் அடித்துக் கொன்றார்கள். அந்த மாதங்களில் இந்தியா முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி பரவிக்கொண்டிருந்தது: பைக்கில் வந்த இருவர், தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, ஓர் அறிவிப்பு அட்டையைக் காட்டுவார்கள். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படம், கடைசிச் சில நொடிகளை இழந்ததும் கொலைக் கருவியாயிற்று. பகிர்ந்த ஒவ்வொருவரும் எச்சரிக்கை செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

அப்படியானால் ஆயிரம் கண்களின் ஆற்றலை என்ன செய்வது? அதற்கு நல்ல விடையொன்றை ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் 2017இல் காட்டியது. குழந்தைகள் வதைக்கப்படும் படங்களை ஆராயும் அதிகாரிகள், துப்பு கிடைக்காத படங்களிலிருந்து ஒரே ஒரு பொருளை மட்டும் வெட்டியெடுத்துப் பொதுவில் வைக்கிறார்கள்: ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு ஷாம்பு பாட்டில், ஒரு திரைச்சீலையின் பூவேலை. குழந்தையும் தெரியாது, குற்றவாளியும் தெரியாது. இந்தப் பொருள் எந்த நாட்டில் விற்கிறது என்பது மட்டுமே கேள்வி. தெரிந்தவர் சொல்லலாம், பெயர் சொல்லாமலும் சொல்லலாம். அந்தப் பதில்களால் குழந்தைகள் மீட்கப்பட்டிருக்கிறார்கள். இதில் உள்ள அறம் நுட்பமானது. மக்களின் அறிவு முழுதாகப் பயன்படுகிறது. எந்த மனிதர்மேலும் விரல் நீள்வதில்லை. ஒருவர் தவறாகச் சொன்னாலும் பாழாவது ஒரு ஷாம்பு பாட்டிலைப் பற்றிய ஊகம்தான், ஓர் ஆளின் வாழ்க்கை பாழாவதில்லை.

இதிலிருந்து கிடைக்கும் நெறி எளியது. கண்டதைச் சொல்வது கடமை. சொல்ல வேண்டிய இடம் காவல் நிலையம் அல்லது குழந்தைகளுக்கான 1098 உதவி எண். ஊகித்ததை, ஒரு மனிதரின் பெயரோடு சேர்த்து, ஊருக்குச் சொல்வது பிழை. அது பின்னாளில் சரியாகவே அமைந்தாலும் சொன்ன நேரத்தில் பிழையே. கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் குறியில் பட்டுவிட்டால் எறிந்தது நியாயமாகிவிடாது. அறிவிப்பைப் பகிர்ந்தவருக்குக் குழந்தை கிடைத்தபின் அதை நீக்கும் கடமையும் உண்டு. குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. மீண்டு வரும் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், வளர வேண்டும். தன் பெயரைத் தேடும் நாளில் தன் தாயைக் கொலைகாரி என்று அந்நியர்கள் எழுதியதைப் படிக்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

லிண்டி சேம்பர்லினைச் சிறையிலிருந்து விடுவித்தது எந்த வாதமும் அல்ல. அன்றிரவு குழந்தை ஒரு சிறு மேல்சட்டை அணிந்திருந்தாள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், நீதிமன்றம் நம்பவில்லை. 1986இல், பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு பயணியின் உடலைத் தேடிப் போனவர்கள், டிங்கோக்கள் நடமாடும் பகுதியில் மண்ணில் பாதி புதைந்து கிடந்த அந்தச் சட்டையைக் கண்டார்கள். சில நாட்களில் சிறைக் கதவு திறந்தது. ஐந்தரை ஆண்டு ஒரு நாடே அந்தத் தாயின் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தது. உண்மை மண்ணுக்குள் ஒரு துணியில் காத்துக்கிடந்தது. திருவிழா ஒலிபெருக்கிக்கு இது எப்போதும் தெரியும். அது சட்டையின் நிறத்தைச் சொல்லும், எங்கே அழைத்து வர வேண்டும் என்று சொல்லும், அதோடு நிறுத்திக்கொள்ளும்.